ஓரம் மங்கும் படம்: ஒளிப்படத் திருத்தத்தில் விளிம்பு மங்கலும் அதன் பொறுப்பும்



மொழி பற்றிய சொற்பொழிவு வரிசையில் ஒளிப்படத்தைத் திருத்தும் கலைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். இரண்டு காரணங்கள் உள. நாள்தோறும் கைப்பேசியிலும் கணினியிலும் நாம் செய்யும் செயல்களுக்குத் தமிழில் பெயர் இல்லையேல், அச்செயல்களைப் பற்றித் தமிழில் சிந்திப்பதும் மெல்ல மெல்ல இல்லாதொழியும் என்பது முதற்காரணம். இரண்டாவது காரணம் இவ்வூரைச் சார்ந்தது. பழந்தின்னி வௌவாலுக்குரிய மலாய்ச் சொல்லைத் தன் பெயராகக் கொண்ட இக்குளுவாங் நகரையும், அதனைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களையும் உருவாக்கிய தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றில் பெரும்பகுதி எழுத்தில் ஏறவில்லை. அது பிஸ்கட் டின்களிலும் துணிப்பெட்டிகளின் அடியிலும் பழைய படங்களாகக் கிடக்கின்றது. அப்படங்களை நாம் எவ்வாறு திருத்துகிறோம் என்பது, அவ்வரலாற்றை எவ்வாறு காக்கிறோம் என்பதோடு பிணைந்த வினா.

திருத்தும் வழிகள் பலவற்றுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம். படத்தின் நடுப்பகுதி தெளிவாக நிற்க, ஓரங்கள் படிப்படியாக இருண்டோ வெளுத்தோ மறையும் தோற்றம் அது. ஆங்கிலத்தில் அதனை விக்னெட் என்பர். இவ்வுரையில் அதனை இப்போதைக்கு விளிம்பு மங்கல் என்று அழைப்போம். பெயர் பற்றிய ஆராய்ச்சியை இறுதியில் வைத்துக்கொள்வோம்.

இவ்வுரைக்கு வித்திட்ட நிகழ்ச்சியை முதலில் கூறுதல் முறை. குளுவாங்கில் வாழும் அம்மையார் ஒருவர், தம் தாத்தாவின் படத்தைப் பெரிதாக்கித் தரவேண்டும் என்று எம்மிடம் கொணர்ந்தார். முட்டை வடிவினுள் முகமும் தோள்களும் மட்டும் இருந்தன, சுற்றிலும் வெண்மை. உற்று நோக்கியபோது, பெரியவரின் இடது தோளின்மேல் வேறொருவரின் விரல்கள் நான்கு தெரிந்தன. விரல்களுக்கு அப்பால் கையும் இல்லை, ஆளும் இல்லை; யாவும் வெண்மையில் கரைந்திருந்தன. பலர் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்திலிருந்து ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து, ஏனையோரை விளிம்பு மங்கலால் மறைத்துள்ளனர் என்பது புலனாயிற்று. மூலப்படம் எங்கே என்று கேட்டோம். பல்லாண்டுகளுக்கு முன்பு ஒரு படக்கடையில் கொடுத்ததாகவும், அது திரும்பி வரவேயில்லை என்றும் கூறினார். அந்தக் கை யாருடையது, படம் எந்தத் தோட்டத்தில் எடுக்கப்பட்டது என்று சொல்லக்கூடியவர் எவரும் இன்று உயிருடன் இல்லை.

அழகுக்காகச் செய்த ஒரு வேலை ஒரு குடும்பத்தின் நினைவில் பாதியை எடுத்துச் சென்றுவிட்டது. ஆகவே இக்கலையின் தோற்றத்தையும் இயக்கத்தையும் அறிந்து, அதனை எங்கே கையாளலாம், எங்கே கூடாது என்று தெளிதல் நம் கடமையாகின்றது.

1. கொடியிலிருந்து வந்த சொல்

பிரெஞ்சு மொழியில் விஞ் என்பது திராட்சைக் கொடி. விக்னெட் என்பது அதன் குறுமை வடிவம்; சிறுகொடி என்பது பொருள். ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடிகளின் ஓரங்களிலும், பின்னர் அச்சு நூல்களில் தலைப்பின் மேலும் இயல் முடிவிலும் வரையப்பட்ட கொடி அலங்காரத்தை அச்சொல் குறித்தது. காலப்போக்கில் கொடி மறைந்தது. சட்டமின்றித் தாளோடு கரையும் சிறு படம் எதற்கும் அப்பெயர் நின்றது. ஆங்கில மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் பெவிக் 1797, 1804 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பிரித்தானியப் பறவைகள் பற்றிய நூற்றொகுதிகளில் இத்தகைய சிறுபடங்கள் புகழ்பெற்றவை. அவற்றுக்கு எல்லைக்கோடு இல்லை. மரமும் நீரும் புல்லும் தாளின் வெண்மையில் தாமே அடங்கிவிடும்.

1839 இல் ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1854 இல் பாரிசு நகரத்து டிஸ்டேரி சிறு அட்டைப் படங்களுக்குக் காப்புரிமை பெற்றபின், முகப்படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நடுத்தர மக்களிடமும் பரவியது. 1860 களில் ஓரம் வெளுத்த முகப்படங்கள் பெருவழக்காயின. அக்காலத்தார் அதனைச் செய்த முறை எளியது. கண்ணாடித் தகட்டிலிருந்து தாளில் படியெடுக்கும்போது, நடுவில் முட்டை வடிவத் துளையிட்ட அட்டை ஒன்றை ஒளிக்கும் தகட்டுக்கும் இடையில் சற்று விலக்கி வைப்பர். துளையின் விளிம்பு நேராக இருப்பின் படத்திலும் கூரிய கோடு விழும். ஆதலின் அவ்விளிம்பைப் பனைமட்டையின் கருக்குப்போலப் பல்பல்லாக வெட்டுவர். அல்லது பஞ்சை ஒட்டுவர். அல்லது மெல்லிய தாளால் மூடுவர். ஒளி சிதறி நடுவில் மிகுந்தும் ஓரத்தில் குறைந்தும் விழும். ஒளி படாத தாள் வெண்மையாகவே நிற்கும்.

இன்று மென்பொருளில் நாம் இழுக்கும் ஒவ்வொரு பொத்தானும் அந்த அட்டையின் வழித்தோன்றலே. துளையின் அளவு, அதன் வடிவம், விளிம்பின் மென்மை ஆகிய மூன்றும் அன்றும் இருந்தன. இன்றும் அம்மூன்றே உள்ளன.

2. வில்லையின் குறை

ஓரம் வெளுத்தல் மனிதர் விரும்பிச் செய்தது. ஓரம் இருளல் ஒளிப்படக் கருவி தானே செய்தது. வில்லையின் நேரெதிரே வரும் ஒளியைக் காட்டிலும் சாய்ந்து வரும் ஒளி படத்தில் குறைவாகவே விழும். எளிய வில்லையொன்றில் நடுவில் விழும் ஒளியை 100 பங்கு எனக் கொண்டால், 30 பாகை சாய்ந்து வரும் ஒளி ஏறத்தாழ 56 பங்கும், 45 பாகை சாய்ந்து வருவது 25 பங்குமே ஆகும். இஃது இயற்கை விதி. இதனோடு, வில்லைக் குழலின் விளிம்பு சாய்ந்த கதிர்களில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். துவாரத்தை முழுதும் திறந்து வைக்கும்போது இத்தடை மிகும். இரண்டு மூன்று படி சுருக்கினால் பெரும்பாலும் மறையும்.

வில்லை செய்வோர் இக்குறையை நீக்கப் பெரிதும் முயன்றனர். 1900 இல் செருமனியின் கோர்ஸ் நிறுவனம் ஹைப்பர்கான் என்னும் மிக அகன்ற பார்வை வில்லையை வெளியிட்டது. அதன் முன்னே நட்சத்திர வடிவச் சிறு தகடு ஒன்றைப் பொருத்தி, காற்றூதிச் சுழலவிட்டனர். படமெடுக்கும் நேரத்தின் ஒரு பகுதியில் நடு ஒளியை அத்தகடு மறைக்க, ஓரங்கள் ஈடுபெற்றன. அவ்வளவு உழைத்து அகற்ற முயன்ற இருளை, நூறாண்டுக்குப் பின்னர் நாம் விரல் நுனியால் வலிந்து சேர்க்கிறோம். 1990 இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பும், 1996 இல் பொதுமக்களுக்குக் கிடைத்த கிம்ப்பும் இக்கலையை இருட்டறையிலிருந்து மேசைக்குக் கொணர்ந்தன. 2010 இல் இன்ஸ்டாகிராம் வந்தபின் அது கைப்பேசிக்குள்ளும் குடியேறியது. பழைய கருவியின் குறை பழைமையின் அடையாளமாகவே மதிக்கப்படலாயிற்று.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். வில்லை தந்த இருளில் தகவல் குறைந்திருப்பினும் அழிந்துவிடுவதில்லை. பெரும்பாலும் கணக்கால் மீட்கலாம். நாம் மேலே பூசிய இருளோ வெண்மையோ முழுமையாக மூடிவிட்டால், அதன் அடியில் இருந்ததை எக்கணக்காலும் மீட்க இயலாது.

3. கண் செல்லும் வழி

கோயிற் கருவறையை நினைந்து பாருங்கள். வெளியே வெயில், மண்டபத்தில் நிழல், உள்ளே இருள். அவ்விருளில் ஒரு தீபம் உயர்ந்தால் கூட்டம் முழுவதும் ஒரே இடத்தை நோக்கும். எவரும் விரல்நீட்டிக் காட்ட வேண்டுவதில்லை. சுற்றியுள்ள ஒளியைக் குறைத்தால் கண் தானே எஞ்சிய ஒளியை நாடும் என்பதே விளிம்பு மங்கலின் அடிப்படை.

கண்ணின் இயல்புகள் இரண்டு இங்கே தொழிற்படுகின்றன. முதலாவது, அருகமை மாறுபாடு. ஒரே சாம்பல் நிறம் கரும்பின்னணியில் வெளிறியும் வெண்பின்னணியில் கறுத்தும் தோன்றும். பிரெஞ்சு வேதியியலார் செவ்ரோல் 1839 இல் இதனை விரித்து எழுதினார். இரண்டாவது, ஏற்றத்தாழ்வின் முறிவைக் கண் மிகைப்படுத்திக் காட்டும் இயல்பு. ஒளி சீராகக் குறையத் தொடங்கும் இடத்தில், உண்மையில் இல்லாத ஒரு மெல்லிய பட்டை கண்ணுக்குத் தோன்றும். எர்ன்ஸ்ட் மாக் 1865 இல் விளக்கியதால் அது மாக் பட்டை எனப்படுகின்றது. தொடங்கும் இடமும் முடியும் இடமும் தெரியாதவாறு மங்கலை அமைக்க வேண்டும் என்று பழந்தொழிலாளர் கூறியதற்குக் காரணம் இதுவே.

4. மென்பொருளின் கணக்கு

கணினிக்குப் படம் என்பது எண்களின் அட்டவணை. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒளியளவு உண்டு. 0 கருமை, 255 வெண்மை. 3000 புள்ளி அகலமும் 2000 புள்ளி உயரமும் கொண்ட படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவிலிருந்து மூலைக்கு உள்ள தொலைவு ஏறத்தாழ 1800 புள்ளிகள். நடுவிலிருந்து 900 வரை ஒன்றும் செய்யாமல், 900 முதல் 1800 வரை படிப்படியாக இருட்டி, மூலையில் 40 விழுக்காடு குறைக்க விரும்புகிறோம் எனக் கொள்க. 1350 ஆம் தொலைவு பாதிவழி. அங்கே 20 விழுக்காடு குறையும். 200 என்றிருந்த ஒளியளவு 160 ஆகும். மூலையில் அது 120 ஆகும். மென்பொருள் செய்வது இப்பெருக்கலே.

ஆனால் இவ்வாறு நேர்கோட்டில் குறைத்தால் 900 ஆம் தொலைவில் முறிவு ஏற்பட்டு, முன்சொன்ன மாக் பட்டை வளையமாகத் தோன்றும். ஆகவே தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாகவும் நடுவில் விரைவாகவும் செல்லும் வளைகோட்டைப் பயன்படுத்துவர். நேர்கோட்டு முறையில் கால்வழியில் 200 என்பது 180 ஆகும். அத்தகைய வளைகோடு ஒன்றில் 187 அல்லது 188 ஆகவே நிற்கும். இச்சிறு வேறுபாடுதான் இயல்பான மங்கலையும் ஒட்டவைத்ததுபோன்ற மங்கலையும் பிரிக்கின்றது. மென்பொருளில் மென்மை என்றும் இறகு என்றும் பெயரிட்டுள்ள பொத்தான்கள் இவ்வேற்றத்தின் அகலத்தையும் மென்மையையும் ஆள்கின்றன.

மற்றொரு சிக்கல் படிக்கட்டுத் தோற்றம். இருண்ட பின்னணி ஒன்றின் ஒளியளவு 60 எனில், 40 விழுக்காடு குறைந்து அது 36 ஆகும். இடையில் 24 படிகளே உள. 900 புள்ளி அகலத்தை 24 படிகளால் நிரப்பினால் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 37 புள்ளி அகலப் பட்டையாகும். கண் அதனைக் கண்டுபிடித்துவிடும். 16 பிட்டு நுட்பத்தில் படத்தைத் திருத்துவதும், இறுதியில் மிகச் சிறிதளவு மணற்புள்ளி சேர்ப்பதும் இதற்கு மருந்து. பழைய படங்களில் இயல்பாகவே மணற்தன்மை இருப்பதால், அதனைத் துடைத்து வழவழப்பாக்காமல் விடுவதே நன்று.

5. செய்முறை

கட்டணமின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதற்செயல், மூலக்கோப்பைத் தொடாமல் அதன் படியைத் திறப்பது. பின்னர் படத்தின் அடுக்கை இரட்டித்து மேலடுக்கில் பணியாற்ற வேண்டும். ஃபில்டர்ஸ் பட்டியலில் லைட் அண்ட் ஷாடோ என்னும் பிரிவினுள் விக்னெட் உள்ளது. அதனைத் தெரிவு செய்தால் படத்தின்மேல் வளையங்கள் தோன்றும். வளையத்தின் நடுவைப் படத்தின் நடுவில் விட்டுவிடாமல் முகத்தின்மேல், இரு கண்களுக்கு இடையே, நகர்த்தி வைக்க வேண்டும். ஆரத்தைப் பெருக்கி, மென்மையைக் கூட்டுக. நிறத்தைத் தூய கருமையாக விடாமல், படத்திலேயே உள்ள மிக இருண்ட பழுப்பைத் தெரிவு செய்க. இறுதியாக மேலடுக்கின் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே வந்து, மங்கல் இருக்கின்றதா இல்லையா என்று ஐயம் எழும் இடத்தில் நிறுத்துக. 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பில், இவ்விளைவைக் கோப்பினுள் தனியே வைத்திருந்து பின்னர் மாற்றவும் நீக்கவும் முடிகின்றது.

கையாலேயே செய்ய விரும்புவோர்க்கு வேறு வழி உண்டு. படத்தின்மேல் கரும்பழுப்பு நிறைந்த புதிய அடுக்கை இடுக. முகத்தைச் சுற்றி முட்டை வடிவத் தெரிவை வரைந்து, அதன் விளிம்பைப் படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறகாக்குக. 3000 புள்ளிப் படத்துக்கு 600. பின்னர் தெரிவினுள் உள்ள நிறத்தை நீக்கினால் நடுவில் படம் தெரியும். அடுக்கின் அடர்த்தியை 30 முதல் 40 விழுக்காட்டில் வைக்கலாம். பழைய அட்டைத் துளையைத்தான் இப்போது நம் திரையில் வெட்டியிருக்கிறோம்.

6. நம் முகங்களும் நம் வழக்கங்களும்

நூல்களில் காணும் அளவுகள் பெரும்பாலும் வெளிர்நிற முகங்களை வைத்துக் கூறப்பட்டவை. நம் முகங்களுக்கு அவற்றை அப்படியே பொருத்தினால் பிழை நேரும். கருங்கூந்தலும் மாநிறமும் அடர்நிறப் புடவையும் உடைய ஒருவரின் படத்தில் கரிய மங்கலை வைத்தால், கூந்தல் எங்கே முடிகின்றது, இருள் எங்கே தொடங்குகின்றது என்று தெரியாது. தலை சிறுத்துத் தோன்றும். வெண்மங்கலை வைத்தாலோ, செவ்ரோல் கூறிய மாறுபாட்டால் முகம் உள்ளதைவிடக் கறுத்துக் காணப்படும். உடனே முகத்தை வெளுக்கச் செய்யும் பொத்தானை நாடுவர். பாட்டியின் நிறம் மாறிவிடும். பேரப்பிள்ளைகள் அறிந்த பாட்டி அவரல்லர். பின்னணியின் நடுத்தரப் பழுப்பையே மங்கலின் நிறமாக்கினால் இவ்விரு கேடும் இல்லை.

நினைவுப்படங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சட்டகத்தின் உதடு படத்தின் ஓரத்தைச் சிறிது மறைக்கும். மாலை இரு பக்கத்தையும் மேலும் மறைக்கும். திரையில் அழகாகத் தோன்றிய மங்கல் சுவரில் தொங்கும்போது தெரியாமற்போகும். அல்லது முகத்தை நெருக்கும். ஆகவே முகத்தைச் சுற்றிப் போதிய இடம் விட்டு மங்கலை மெல்லியதாக்குக. நாளிதழ் நினைவஞ்சலிக்கு அனுப்பும் படத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். செய்தித்தாளில் மை பரவும். திரையில் கரும்பழுப்பாகத் தோன்றுவது அச்சில் முழுக் கருமையாகிவிடும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் போன்ற இதழ்களின் நறுக்குகளை வீட்டில் வைத்திருப்போர், அச்சுப்படத்தையும் மூலப்படத்தையும் அருகருகே வைத்து நோக்கினால் இவ்வேறுபாட்டை உணரலாம்.

7. விளிம்பில் நிற்பவர்கள்

இனி நம் பொருளின் மையத்துக்கு வருகிறோம். தோட்டத்தில் வாழ்ந்தோர்க்குப் படம் எடுத்துக்கொள்ளுதல் அரிய செயல். திருமணம், திருவிழா, தோட்டத் துரை மாறிச் செல்லும் நாள், பள்ளி ஆண்டு நிறைவு ஆகிய வேளைகளில் பலர் சேர்ந்து நின்றனர். 1948 இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், 12 வயதுக்கு மேற்பட்டோர் யாவர்க்கும் ஒளிப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. தனியே எடுத்த படம் அவ்வட்டைப் படம் ஒன்றே என்னும் நிலையில் வாழ்ந்து மறைந்தோர் நம் குடும்பங்களில் உள்ளனர். ஆகவே ஒருவர் மறைந்தால், அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்குவர். அல்லது கூட்டப்படத்திலிருந்து முகத்தைப் பிரித்தெடுப்பர். இரண்டிலும் அண்டையில் உள்ளதை மறைக்க விளிம்பு மங்கல் கைகொடுத்தது. அக்காலத்துப் படக்கடைக்காரரை நாம் குறை கூறுவதற்கில்லை. தனிப்படமே இல்லாத மனிதருக்கு அவர் ஒரு தனிப்படத்தை உண்டாக்கிக் கொடுத்தார், அது பேருதவி.

ஆயினும் கூட்டப்படத்தின் ஓரங்களில் என்னென்ன இருந்தன என்று எண்ணிப்பாருங்கள். தோட்டத்தின் பெயரெழுதிய பலகை, லயத்தின் வரிசை, பெரட்டுக்களத்து மரம், தண்ணீர்த் தொட்டி, படியில் அமர்ந்திருக்கும் பெயர் தெரியாத சிறுவன், பெரியோர் நடுவில் அமர, கைக்குழந்தையோடு கடைசியில் ஒதுங்கி நிற்கும் பெண். நடுவில் அமர்ந்தவர் கிராணியாகவோ கங்காணியாகவோ இருக்கலாம். ஓரத்தில் நின்றவர் பால்வெட்டியவராக இருக்கலாம். ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம்விட்டு, குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர்ந்து, லயங்கள் இடிக்கப்பட்டபின், அவ்விடம் இருந்ததற்குச் சான்று படத்தின் ஓரமே. மையத்தைச் சிறப்பிக்கும் ஒவ்வொரு மங்கலும், யார் மையம் என்பதையும் தீர்மானித்துவிடுகின்றது. தீர்மானிப்பவர் கையில் அதிகாரம் உண்டு என்பதை உணர்ந்தே பொத்தானை இழுக்க வேண்டும்.

ஆகவே இவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சில நெறிகளைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, படம் மூலைமுதல் மூலைவரை முழுமையாக வருடப்பட வேண்டும். அட்டையின் ஓரத்தையும் கிழிசலையும் வெட்டக்கூடாது. சிறிய படங்களுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி நுட்பம் வேண்டும். பின்புறத்தையும் வருடுக; கடையின் முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும்.

இரண்டாவது, வருடும் கருவி இல்லாமல் கைப்பேசியால் படியெடுப்போர், மிக நெருங்காமல் சற்று விலகி நின்று, இருபுறமும் சமமான ஒளியில் எடுக்க வேண்டும். பின்னர் அதே இடத்தில் வெள்ளைத் தாள் ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்க. அத்தாளின் ஓரத்தில் எவ்வளவு இருள் உள்ளதோ, அவ்வளவும் கைப்பேசி வில்லையும் விளக்கும் சேர்த்தது, படத்தினுடையதன்று. அதனைக் கணக்கிட்டு நீக்கலாம்.

மூன்றாவது, மூலக்கோப்பு ஒன்று, திருத்திய கோப்பு ஒன்று என இரண்டையும் வெவ்வேறு பெயரிட்டுக் காக்க வேண்டும். திருத்தியதன்மேல் மூலத்தை எழுதிவிடுதலும், மூலத்தின்மேல் திருத்தியதை எழுதிவிடுதலும் கூடா.

நான்காவது, ஒருவரைப் பிரித்தெடுக்குமுன் முழுப்படத்தையும் வீட்டு மூத்தோரிடம் காட்டி, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அத்தையும் சித்தப்பாவும் இருக்கும்போதே இதனைச் செய்க. மங்கலை எப்போது வேண்டுமாயினும் இடலாம். கேட்கக்கூடிய காலம் திரும்பி வாராது.

8. பெயர் பற்றிய முன்மொழிவு

இறுதியாகச் சொல்லுக்கு வருவோம். விக்னெட் என்னும் ஒரே சொல் ஆங்கிலத்தில் மூன்று பொருளைச் சுமக்கின்றது: வில்லையின் குறை, ஓரத்தை இருளாக்கும் திருத்தம், ஓரத்தை வெண்மையாக்கும் திருத்தம். தமிழில் அவற்றைப் பிரித்தே கூறலாம். பொதுப்பெயராக ஓரமங்கல் என்பதனையும், வில்லையின் குறைக்கு ஓர ஒளிக்குறைவு என்பதனையும், வெண்மைக்கு ஓரவெளிறல் என்பதனையும் முன்மொழிகிறோம்.

இருளுக்கு ஓரக்கருக்கல் என்னும் சொல் பொருந்தும். கருக்கல் என்பது பொழுது முற்றும் விடியாத மங்கிய இருள். அச்சொல் தோட்டத்து வாழ்வுக்கு அயலானதன்று. கருக்கலில் எழுந்து பெரட்டுக்குச் சென்றோரின் பிள்ளைகள் நாம். முழு இருளாகாமல் உருவங்கள் தெரிந்தும் தெரியாமலும் நிற்கும் நிலை அது. நல்ல மங்கல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதனைச் சொல்லே கற்பித்துவிடுகின்றது. அதனோடு ஒலியால் நெருங்கிய கருக்கு என்னும் சொல்லும் நினைக்கத்தக்கது. பனைமட்டையின் பல்விளிம்பு கருக்கு. சிற்பிகள் தூணிலும் திருவாசியிலும் செதுக்கும் கொடி அலங்காரம் கொடிக்கருக்கு. பிரெஞ்சுக்காரரின் சிறுகொடியும், பழைய படக்கடைக்காரரின் பல்வெட்டிய அட்டையும் தமிழில் முன்பே ஒரு சொல்லின் நிழலில் நின்றிருக்கின்றன. இவ்வொற்றுமை தற்செயலாகலாம், நினைவில் நிறுத்த உதவுமாயின் அதுவே போதும். சொல் நிலைப்பது மன்றத்தின் முடிவால் அன்று. படக்கடையிலும் வகுப்பறையிலும் வீட்டிலும் புழங்குவதால்தான்.

அந்த அம்மையாரின் படத்துக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். தோளின்மேல் இருந்த விரல்களை அழித்துவிடுமாறு அவர் முதலில் கேட்டார். அழிப்பது எளிது, சில நிமிட வேலை. ஆனால் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது, அவ்விரல்கள் தோளை இறுகப் பற்றியிருந்ததை அவரும் கண்டார். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "தாத்தாவுக்கு வேண்டியவங்க யாரோ, இருக்கட்டும்" என்றார். மங்கலின் விளிம்பைச் சிறிது மென்மையாக்கி, விரல்களை அப்படியே விட்டுப் பெரிதாக்கிக் கொடுத்தோம். சட்டகத்தின் பின்புறத்தில், படம் கிடைத்த விவரத்தையும், கை யாருடையது என்று அறியப்படவில்லை என்பதனையும் தமிழில் எழுதி ஒட்டியுள்ளோம். என்றேனும் எவரேனும் முழுப்படத்தின் மற்றொரு படியைத் தம் வீட்டுப் பெட்டியில் கண்டெடுக்கலாம். அன்று இவ்விரல்களே அடையாளமாகும்.

இவ்வுரையைப் படிப்போர் இவ்வாரமே தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து, ஓரத்தில் நிற்பவர் யார் என்று ஒரு மூத்தவரிடமேனும் கேட்பராயின், எம் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.